எலும்பு பொறுக்காத அவசரம்

(கோவையில், முப்படை அதிகாரித் தேர்வுகளுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் முன்னாள் ராணுவ மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் கொடுத்த தலைப்பு, 'ராணுவ அதிகாரி ஆவது எப்படி?' அதற்குப் பதில் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எழுத்துத் தேர்வுக்கு ஒரு பயிற்சி மையம், முப்படைத் தேர்வு வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்காணலுக்கு இன்னொன்று, ஆங்கிலம் பேச மூன்றாவது. காசு கட்டினால் எல்லாம் சொல்லித் தருவார்கள். உள்ளே போனபின் என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் தலைப்பைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, நான் எலும்பைப் பற்றிப் பேசப் போகிறேன். முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் சதைக்கு முன்பக்கம் விரலை வைத்தால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படுகிறதே, அந்த எலும்பு. எத்தனையோ பிள்ளைகளின் அதிகாரிக் கனவு அந்த ஒரு சாண் இடத்தில் வந்து நின்றுபோனதைப் பார்த்தவன் நான்.

கொங்கு நாட்டுக்கும் ராணுவத்துக்கும் தூரம் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. மில், பட்டறை, தோட்டம், பனியன் கம்பெனி, இதை விட்டால் வெளிநாடு என்பார்கள். சுற்றிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ரெட்ஃபீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரி, அங்கேயே கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி. சூலூரில் விமானப்படைத் தளம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும், முப்படை அதிகாரிகள் வந்து படிக்கும் ஸ்டாஃப் காலேஜும். உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணையோரம் சைனிக் பள்ளி. அந்தப் பள்ளி தொடங்கியது 1962 ஜூலையில். மூன்று மாதம் கழித்துச் சீனப் போர் வந்தது. போரில் அதிகாரிகள் போதாமல் போனது தெரிந்துதான் 1963இல் சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார்கள். இன்று அதுதான் ஓ.டி.ஏ. பெண்களுக்கும் 1992 முதல் அங்கே பயிற்சி நடக்கிறது.

ஓ.டி.ஏ.யில் 49 வாரம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் தேசியப் பாதுகாப்பு அகாடமியான கடக்வாஸ்லா என்.டி.ஏ.வுக்குப் போகிறவருக்கு மூன்று ஆண்டு. அதற்குமேல் ராணுவம் என்றால் இந்திய ராணுவ அகாடமியான டேராடூன் ஐ.எம்.ஏ.வில் ஓர் ஆண்டு. விடியும் முன் பி.டி., பிறகு டிரில், வகுப்பு, மாலையில் விளையாட்டு, இடையிடையே தடை ஓட்டம், கயிறு, நீச்சல், குத்துச்சண்டை. துப்பாக்கியும் முதுகுச் சுமையுமாக 5 கிலோமீட்டர். பிறகு 10, 20, 30 என்று நீளும் ஓட்டங்கள். இதெல்லாம் அட்டவணையில் இருக்கிற சுமை. அட்டவணையில் இல்லாத சுமை ஒன்றும் உண்டு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஜூனியர் கேடட் நடந்து போகக் கூடாது, ஓட வேண்டும். பொத்தான் போடவில்லை, தாமதமாக வந்தாய் என்று சீனியர்கள் கொடுக்கும் ரகடா என்னும் தண்டனை இருக்கிறது. தார் ரோட்டில் ஃப்ரன்ட் ரோல், நள்ளிரவு ஓட்டம். அட்டவணை போட்ட அதிகாரிக்கு முதல் கணக்குத் தெரியும். கேடட்டின் எலும்புக்கு இரண்டும் ஒரே கணக்குதான்.

எலும்பை நாம் கல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது உயிருள்ள திசு. புதிய சுமை விழுந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். உடம்பு முதலில் அந்தப் பழைய பகுதியை அரித்து எடுக்கும், பிறகுதான் புது எலும்பைக் கட்டும். அரித்து எடுப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். நம்மூர் மாநகராட்சி ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுத் தார் ஊற்றாமல் விட்டிருக்கிற காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல்தான் கேடட் ஓடிக்கொண்டிருக்கிறான். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே கால் முறிவுகள் குவிவதற்குக் காரணம் இதுதான். விழவில்லை, யாரும் அடிக்கவில்லை, ஆனாலும் எலும்பு விண்டுபோகிறது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்பது இதுதான்.

இது இன்று நேற்றுக் கண்ட நோய் அல்ல. பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட் 1855இலேயே இதை எழுதிவைத்தார். நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்குகிறது என்றார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் நாற்பது ஆண்டு இருந்தது. பின்னால் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் அது பாத எலும்பு முறிவு என்று தெரிந்தது. இஸ்ரேல் ராணுவம் இருபத்தைந்து ஆண்டு இதோடு போராடியது. காலணியை மாற்றிப் பார்த்தார்கள், மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் கைகொடுத்தவை இரண்டு: மொத்த அணிவகுப்புத் தூரத்தைக் குறைத்தது, இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது. முறிவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. தூக்கம்! நம் வீடுகளில் தூங்குகிற பிள்ளையைத்தான் சோம்பேறி என்கிறோம்.

சரி, எலும்பு வலிக்க ஆரம்பித்துவிட்டது. கேடட் என்ன செய்கிறான்? மறைக்கிறான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் பி.டி., டிரில் கிடையாது; வராண்டாவில் நிற்க வேண்டும். மற்றவர்கள் வியர்வையோடு ஓடிவரும்போது இவன் சட்டை நலுங்காமல் நிற்பான். 'நாடகம் போடுகிறான்' என்ற பேச்சு முதல் நாளே கிளம்பும். இரண்டாவது பயம், ரெலிகேஷன். குறிப்பிட்ட நாட்களுக்குமேல் பயிற்சியைத் தவறவிட்டால் ஒரு பருவம் பின்தள்ளிவிடுவார்கள். ஆறு மாதம் போகும். கூட வந்தவர்கள் தோளில் நட்சத்திரம் ஏற்றிக்கொண்டு போவார்கள், இவன் அடுத்த அணியோடு மீண்டும் அதே ஓட்டத்தை ஓட வேண்டும். இந்த இரண்டுக்கும் பயந்து வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, க்ரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறான்.

கோபிப் பக்கத்துப் பையன் ஒருவன் எனக்கு நினைவிருக்கிறான். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, நல்ல ஓட்டக்காரன். இரண்டாம் மாதம் கால் வலித்தது. அகாடமியில் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்கு மட்டும் போன் செய்து சொன்னான். அப்பா சொன்ன பதில்: 'பல்லக் கடிச்சுட்டு இரு கண்ணு, எல்லாம் சரியாப் போயிரும்.' பாசத்தில் சொன்னதுதான், தப்பாகச் சொல்லவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் வாழ்ந்தவர். மாடு மிதித்த காலோடு மடை திருப்பியவர். மகனும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். நீள ஓட்டம் ஒன்றின் நடுவே எலும்பு முழுசாகவே முறிந்தது. தொடக்கத்தில் சொல்லியிருந்தால் ஆறேழு வார ஓய்வோடு போயிருக்கும். இப்போது அறுவைச் சிகிச்சை, உள்ளே கம்பி, நீண்ட விடுப்பு. ஒரு பருவம் பின்தங்கித்தான் முடித்தான். முடித்தான் என்பதே பெரிது. அவனைப்போல் முறிந்த எல்லாரும் முடிக்கவில்லை.

வலியைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். தசை வலி பரவலாக இருக்கும், உடம்பு சூடானால் குறையும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். எலும்பு வலி ஒரு விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் இருக்கும்; ஓட ஓடக் கூடும்; முற்றினால் இரவில் படுத்திருக்கும்போதும் விடாது. ஒற்றைக் காலில் குதித்துப் பாருங்கள், சுருக்கென்று அந்த இடத்தில் குத்தினால் மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்னாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள்: ஓடும்போது தொடை இடுக்கில் வலி வந்தால், அது இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த கீறலாக இருக்கலாம். அந்த இடத்தில் முழு முறிவு வந்தால் மூட்டே கெட்டுப்போகும். அந்த வலியோடு இன்னொரு சுற்று ஓடக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. என்.டி.ஏ.யில் சேர்ந்த முதல் பெண் அணி, 17 பேர், 2025 மே மாதம் முடித்து வெளியே வந்தார்கள். இனி நம் ஊரிலிருந்தும் நிறையப் போவீர்கள். ஆண்களின் எட்டுக்கு எட்டு வைத்து நீண்ட நேரம் அணிவகுத்தால் பெண்களின் இடுப்பெலும்பில் முறிவு வருகிறது. பிரிட்டன் விமானப்படையில் இப்படி அடிபட்ட மூன்று பெண்களுக்கு இழப்பீடு கொடுத்த செய்தி 2013இல் வந்தது. பயிற்சியின்போது மாதவிடாய் நின்றுபோனால் 'தொல்லை விட்டது' என்று இருந்துவிடாதீர்கள். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை, எலும்பு மெலிகிறது என்று உடம்பு சொல்லும் செய்தி அது.

தேர்வுக்குத் தயாராகும் மாதங்களில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க அறைக்குள் உட்கார்ந்து படிக்கிறார்கள். வெயில் கொளுத்துகிற ஊரில் வைட்டமின் டி குறைவோடு அகாடமிக்குப் போகிறார்கள். போகும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பால், முட்டை, கேழ்வரகு சாப்பிடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம் அமுச்சிகள் களி கிண்டிப் போட்டபோது முகம் சுளித்தவர்கள் இப்போது டப்பாவில் விற்கும் பவுடரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஓட்டத்தை மண் தரையில் தொடங்குங்கள், தூரத்தை வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எஸ்.எஸ்.பி. தேறிய கடிதம் வந்த மறுநாள் மருதமலைப் படியை நாளுக்கு ஐந்து தடவை ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசை புரிகிறது, ஆனால் எலும்பு அந்த அவசரத்துக்கு வராது. ஓராண்டுக்கு முன்பே ஓடத் தொடங்கியவர்களுக்கு முறிவு குறைவாகவே வரும்.

அடிபட்டபின் மனசு உடைவதைப் பற்றி நிறையப் பேசலாம், இன்று நேரமில்லை. ஒன்று மட்டும். ராணுவ மருத்துவமனை வார்டில் படுத்திருப்பவனிடம் 'இயான் கார்டோசோவைப் பார், போரில் காலை இழந்தும் ஜெனரல் ஆனார்' என்று ஊக்கம் கொடுக்க வருவார்கள். உண்மைதான். 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த காலைத் தன் குக்ரிக் கத்தியாலேயே வெட்டி எறிந்தவர் அவர். செயற்கைக் காலோடு படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றவர். நம் குன்னூரிலேயே வாழ்ந்து வெலிங்டனில் மறைந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவும் 1942இல் பர்மாவில் வயிற்றில் குண்டுகள் வாங்கி, பிழைக்கமாட்டார் என்று நினைத்த நிலையிலிருந்து மீண்டவர். ஆனால் இந்தக் கதைகளை ஒரு கேடட்டிடம் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவர்கள் இருவரும் அடிபட்டபோது அதிகாரிகள். ராணுவம் அவர்களைத் தன் ஆள் என்று வைத்துக்கொண்டது. வார்டில் படுத்திருக்கும் கேடட் சட்டப்படி இன்னும் யாருடைய ஆளும் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோரில் பாதிப்பேருக்கு இது தெரியாது. சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் பயிற்சிக் காலத்தில் ஊனமடைந்தால் அவருக்கு ஓய்வூதிய உரிமை உண்டு. அதிகாரிப் பயிற்சியில் இருக்கும் கேடட், பயிற்சியை முடித்துக் கமிஷன் பெறும் நாள் வரை அதிகாரி அல்ல. அந்த நாளுக்கு முந்தைய நாள் நீச்சல் குளத்தில் குதித்துக் கழுத்து முறிந்தாலும், மெடிக்கல் போர்டு கூடி அவரை வீட்டுக்கு அனுப்பும். போர்டு அவுட் என்பார்கள். முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி கிடையாது. ஓய்வூதியமும் இல்லை. ஊன அளவைப் பொறுத்து ஒரு கருணைத் தொகை வரும். கருணை! நாட்டுக்காகக் கழுத்தை முறித்துக்கொண்டவனுக்கு நாடு காட்டுவது கருணையா, கடனா?

ஓர் ஆங்கில நாளிதழ் இந்தக் கேடட்டுகளின் நிலையை 2025 ஆகஸ்டில் எழுதியது. 1985இலிருந்து சுமார் 500 பேர் இப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள் என்றது அந்தச் செய்தி. பலர் தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் இருப்பவர்கள். கருணைத் தொகை மாதம் அதிகபட்சம் 40,000 ரூபாய், மருத்துவச் செலவோ அதைத் தாண்டுவது. உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் நாகரத்னாவும் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன மகாதேவனும் இருந்த அமர்வு அரசைக் கேள்வி கேட்டது. அந்த மாத முடிவுக்குள்ளேயே, முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்த்தார்கள். நாற்பது ஆண்டாக முடியாதது இரண்டு வாரத்தில் முடிந்தது. முடியாமல் இருந்தது சட்டத்தால் அல்ல, கேட்க ஆளில்லாததால் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். மருத்துவம் கிடைத்தது நல்லது. ஓய்வூதியமும், செய்யக்கூடிய ஒரு வேலையும் கொடுக்காமல் அந்தக் கணக்கு முடியாது.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ். ராமகிருஷ்ணன். தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடிக்காரர், கோவையில் பொறியியல் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர். கடற்படை அதிகாரித் தேர்வுக்காக 1975 ஜனவரியில் பெங்களூர் போனார். அங்கே நடந்த உடற்திறன் சோதனையின் கடைசிக் கட்டத்தில் விழுந்து தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போனது. அவர் கேடட்கூட அல்ல, தேர்வுக்கு வந்த மாணவர். இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களைப்போல ஒருவர்.

ஊருக்குத் திரும்பி, 1981இல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், ஆய்க்குடியில் சில குழந்தைகளை வைத்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத் தழுவி அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயர் வைத்தார். பின்னாளில் தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பட்டயக் கணக்காளர் சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே இருவரும் அதைப் பள்ளியாக, சிகிச்சை மையமாக, தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பழகும் இடமாக, கிராமம் கிராமமாகப் போகும் சேவையாக வளர்த்தார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நான் இதைச் சாதனைக் கதையாகச் சொல்லவில்லை. எல்லாரும் ராமகிருஷ்ணன் ஆக வேண்டும் என்று அடிபட்டவனிடம் கேட்பது கொடுமை. அவர் கட்டியெழுப்பியது என்ன என்பதைப் பாருங்கள்: தனக்கு அடிபட்டபோது இல்லாத வசதிகளை ஒவ்வொன்றாக அடுத்தவருக்கு அமைத்துக் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் சிகிச்சைக்குக் குறையில்லை; உடைந்த எலும்புக்கும் முதுகெலும்புக்கும் உலகமே வந்து கற்றுக்கொள்ளும் மருத்துவமனைகள் இருக்கும் ஊர் கோவை. திறந்த முறிவுகளில் காலைக் காப்பாற்ற முடியுமா, எடுக்க வேண்டுமா என்று கணிக்கும் 'கங்கா ஸ்கோர்' பிறந்ததே இங்கேதான். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பையனுக்கு ஊர் என்ன செய்கிறது என்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

ஊர் என்ன செய்கிறது? தேர்வானபோது பேனர் வைத்தவர்களே, அவன் பாதியில் திரும்பினால் 'தாக்குப் பிடிக்க முடியலையாமா' என்று டீக்கடையில் பேசுகிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனால் அங்கேயும் அதே கேள்வி. கொங்கு நாட்டில் ஒருவரின் மதிப்பை அவர் எடுத்த காரியத்தை முடித்ததில் வைத்துப் பார்க்கிறோம். அது நல்ல குணம்தான். இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அது அநியாயம் செய்கிறது.

பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது: பிள்ளை போனில் கால் வலிக்கிறது என்று சொன்னால், 'எந்த இடம் கண்ணு, ஒரு விரல்ல காட்ட முடியுதா, டாக்டர்கிட்டச் சொன்னயா?' என்று கேளுங்கள். ஆறு மாதம் பின்னால் போனால் போகட்டும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் அவன் அதை நம்பமாட்டான்.

தொழில் நடத்துகிறவர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். பம்ப்செட் கம்பெனி, ஸ்பின்னிங் மில், பவுண்டரி, பனியன் ஏற்றுமதி. அகாடமியிலிருந்து போர்டு அவுட் ஆன பிள்ளை வேலை கேட்டு வந்தால், அவன் விண்ணப்பத்தில் இரண்டு வருட இடைவெளி இருக்கும். எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் சோதனையைத் தேறியவன், அணியை நடத்திப் பழகியவன், ஒரு வேலையைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவன். சக்கர நாற்காலியில் வந்தால் வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போடச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். போட்டு வையுங்கள்; வேலையைக் கொடுங்கள்.

மாணவர்களில் யாருக்காவது இப்போதே கால் வலி இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடதுபக்கம் வாருங்கள். ஷூவைக் கழற்றிவிட்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.